49 என்று எழுதிய காரும் தூரத்துக் கோபுரமும்

கேள்வி: எங்கள் பெரியப்பா வேளாண்மை மேற்படிப்புக்காக 1954-இல் அமெரிக்கா சென்று 1956-இல் ஊர் திரும்பியவர். அவருடைய டிரங்குப் பெட்டியில் கிடைத்த கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றின் பெரிதாக்கிய நகலை அனுப்பியுள்ளேன். பழைய கார்கள் விற்கும் திறந்தவெளி ஒன்றில் வரிசையாகக் கார்கள் நிற்கின்றன. பின்னணியில் உயரமான கோபுரம் தெரிகிறது. அது நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடம் என்கிறார் என் அண்ணன். ஒரு காரின் முன்கண்ணாடியில் ‘49’ என்று எழுதியிருப்பதால் இது 1949-இல் எடுத்த படம் என்றும், ஆகவே பெரியப்பா எடுத்ததாக இருக்க முடியாது என்றும் வீட்டில் முடிவு கட்டிவிட்டார்கள். எந்த ஊர், என்ன கார்கள், எந்த ஆண்டு என்று கூற இயலுமா?
- ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: உங்கள் வீட்டார் கட்டிய முடிவை முதலில் அவிழ்த்துவிடுகிறேன். பழைய கார் வியாபாரிகள் முன்கண்ணாடியில் வெள்ளைச் சாயத்தால் எழுதுவது காரின் மாடல் ஆண்டையும் விலையையும்தான். அன்றைய தேதியை அல்ல. ‘49’ என்பதற்குக் கீழே ‘395’ என்று இருப்பதைக் கவனியுங்கள். 1949 மாடல் ஃபோர்டு புதிதாக வந்தபோது அதன் விலை ஏறத்தாழ 1,500 டாலர். அது 395 டாலருக்கு இறங்கி நிற்கிறது என்றால், நன்றாக ஓடித் தேய்ந்த சில ஆண்டுகள் கழித்தே இந்த இடத்துக்கு வந்திருக்கிறது.

அந்தக் கார் ஃபோர்டுதான் என்பதில் ஐயமில்லை. முகப்புக் கிரில்லின் நடுவே துப்பாக்கிக் குண்டின் முனைபோல ஒரே ஓர் உருண்டை துருத்திக்கொண்டிருக்கிறது. 1949, 1950 ஆகிய இரு ஆண்டு ஃபோர்டுகளிலும் இப்படி ஒன்று உண்டு. 1951-இல் அது இரண்டாயிற்று. 1949 மாடலில் பானெட்டின் முன்விளிம்பில் நிறுவனத்தின் பெயர் தனித்தனி எழுத்துகளாகப் பதிந்திருக்கும், 1950-இல் அந்த இடத்தில் கேடயச் சின்னம் வந்தது. உங்கள் படத்தில் எழுத்துகளே தெரிகின்றன. ஆகவே வியாபாரி எழுதிய ஆண்டு சரியானதே.

அதற்கு அடுத்து, மூக்கு நீண்டு விமானத்தின் முன்பகுதிபோல் நிற்பது ஸ்டூட்பேக்கர். இந்தியானா மாநிலத்தின் சவுத் பெண்ட் நகரில் தயாரான இந்த வண்டி இந்த மூக்குடன் வந்தது 1950, 1951 மாடல்களில் மட்டுமே. மூன்றாவது காரின் பக்கவாட்டில் வரிசையாக மூன்று வட்டத் துளைகள் தெரிகின்றன, அது பியூக். 1949-இல் தொடங்கிய இந்த அலங்காரத்தில், அக்காலத்தில், நான்கு துளை இருந்தால் உயர்விலை ரோட்மாஸ்டர், மூன்று இருந்தால் அதற்குக் கீழ்ப்பட்ட வகை.

நமக்கு மிகவும் உதவுவது வரிசையின் கடைசியில் பாதி மறைந்து நிற்கும் செவர்லேதான். பல ஆண்டுக் கார்கள் கலந்து நிற்கும் இத்தகைய இடத்தில், படத்தின் காலத்தைப் பழைய கார் சொல்லாது. இருப்பவற்றுள் புதிய கார்தான் சொல்லும். அந்தச் செவர்லேயின் கிரில்லில் செங்குத்தாக மூன்று பற்கள் உள்ளன. 1953 மாடலில் மூன்று, 1954 மாடலில் ஐந்து என்பது கணக்கு. முன்கண்ணாடி நடுவில் பிரிவு இல்லாமல் ஒரே வளைந்த துண்டாக இருப்பதும் இதற்குப் பொருந்துகிறது. 1952 வரை செவர்லேயில் நடுவே ஒரு கம்பி இருக்கும், பக்கத்து ஃபோர்டில் இருப்பதைப் போல. ஆகவே இந்தப் படம் 1953-க்கு முன் எடுக்கப்பட்டிருக்க வழியே இல்லை. ஒரு 1953 மாடல் பழைய காராக விற்பனைக்கு வர ஓரிரு ஆண்டுகளாவது ஆகும் என்று கொண்டால், உங்கள் பெரியப்பா அங்கிருந்த காலத்துக்கே வந்து சேர்கிறோம்.

இனி இடம். கோபுரம் எம்பயர் ஸ்டேட் அன்று. உச்சியில் ஒரு சிறு குவிமாடம், அதன்மேல் நின்ற நிலையில் ஒரு மனித உருவம். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் தோளில் பையும் விதை வீசும் கையும் புலப்படும். அது நெப்ராஸ்கா மாநிலத்தின் தலைநகரான லிங்கனில் உள்ள சட்டமன்றக் கட்டடம். அமெரிக்க மாநிலத் தலைமைக் கட்டடங்கள் பெரும்பாலும் அகன்ற குவிமாடம் கொண்டவை. பெர்ட்ராம் குட்ஹியூ என்ற கட்டடக் கலைஞர் அந்த மரபை விட்டு, 1922 முதல் 1932 வரை கட்டப்பட்ட இதற்கு 400 அடி உயரக் கோபுரத்தை வகுத்தார். பணி முடியும் முன்பே, 1924-இல், அவர் காலமானார். உச்சியில் நிற்பது லீ லாரி வடித்த வெண்கல விதைப்பாளர் சிலை. உயரம் 19 அடிக்கும் மேல். லூசியானாவின் பேட்டன் ரூஜிலும் கோபுர வடிவச் சட்டமன்றம் உண்டு, லாஸ் ஏஞ்சலஸ் நகர மன்றமும் கோபுரமே. ஆனால் அவற்றின் உச்சியில் இப்படியொரு சிலை இல்லை.

நம்பர் பிளேட்டும் இதற்குச் சாட்சி. நமக்குப் பின்புறம் காட்டி நிற்கும் காரில் ‘2’, பிறகு ஒரு சிறு கோடு, பிறகு மற்ற எண்கள். நெப்ராஸ்காவில் 93 மாவட்டங்களுக்கும், 1922-இல் பதிவாகியிருந்த வாகனங்களின் எண்ணிக்கைப்படி, வரிசை எண் தந்தார்கள்: ஒமாஹா உள்ள டக்ளஸுக்கு 1, லிங்கன் உள்ள லங்காஸ்டருக்கு 2. மொன்டானா போன்ற மாநிலங்களிலும் இவ்வழக்கம் இருந்ததால் எண்ணை மட்டும் நம்பியிருக்க மாட்டேன். கோபுரமும் சேர்ந்து நிற்பதால் உறுதியாகச் சொல்கிறேன்.

அடுத்து நிழல். கார்களின் நிழல் குட்டையாக, படம் எடுத்தவரை நோக்கி விழுகிறது. கோபுரத்தின் நமக்குத் தெரியும் முகமும் நிழலில் இருக்கிறது. நம் ஊரில் கோடையின் ஒரு பகுதியில் நண்பகல் சூரியன் வடக்கே சாயும். லிங்கன் இருக்கும் அட்சரேகையில் ஆண்டு முழுவதும் அது தெற்கேதான். ஆகவே படம் எடுத்தவர் தெற்கு நோக்கி நிற்கிறார், இந்த இடம் கட்டடத்துக்கு வடக்கே இருக்கிறது. லிங்கனில் கிழக்கு மேற்குத் தெருக்களுக்கு ஆங்கில எழுத்துகளே பெயர். கட்டடத்தின் வடக்கு எல்லை ‘கே’ தெரு. அங்கிருந்து நான்கு தெரு தள்ளி நகரின் முதன்மைச் சாலையான ‘ஓ’ தெரு. அங்கோ அதையொட்டியோ இந்த இடம் இருந்திருக்கும் என்பது என் கணிப்பு. அதற்கும் வடக்கே பல்கலைக்கழகம். அங்கே படித்த ஒருவர் நடந்து வந்து நின்று எடுக்கக்கூடிய தூரம்தான் இது.

கால எல்லையை இன்னும் நெருக்க ஒரு சோதனை உண்டு. 1956-இல் நெப்ராஸ்கா பிளேட்டுகளில் ‘மாட்டிறைச்சி மாநிலம்’ என்ற பொருள்படும் ஆங்கிலச் சொற்கள் இடம்பெறத் தொடங்கின. நகலில் அந்தப் பகுதி மங்கலாக உள்ளது. மூலப் படத்தை நல்ல ஸ்கேனரில் 1,200 புள்ளி அடர்த்தியில் எடுத்துப் பாருங்கள். அந்த வரி இல்லாவிட்டால் 1955-ஐ ஒட்டியது என்று கொள்ளலாம். இடப்பக்க ஓரத்தில் வெட்டுப்பட்ட பெயர்ப்பலகையின் எழுத்துகளும் அப்போது தெளியக்கூடும். கடையின் பெயர் கிடைத்தால் லிங்கனிலேயே இருக்கும் மாநில வரலாற்றுச் சங்கத்துக்கு எழுதுங்கள். கடைகளைத் தெருவாரியாகக் குறிக்கும் அக்கால நகரக் கையேடுகளில் கதவு எண்வரை தேட முடியும். பெட்டியில் படச்சுருள் நெகட்டிவ் இருக்கிறதா என்றும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அதே சுருளில் அடுத்த படம் பெரியப்பாவின் விடுதி அறையாக இருந்தால், எடுத்தவர் யார் என்ற கேள்வியும் தீர்ந்துவிடும்.