ஆபீஸில் சேரும் பிளாஸ்டிக் கப் மறுசுழற்சிக்குப் போகுமா?

கேள்வி: சென்னையில் 60 பேர் வேலை செய்யும் அலுவலகம் எங்களுடையது. தண்ணீர், டீ இரண்டுக்கும் பிளாஸ்டிக் கப்தான். தினமும் ஒரு பெரிய பை நிறையச் சேர்கிறது. தனியாகச் சேர்த்துக் கொடுத்தால் மறுசுழற்சி செய்வார்களா?

பதில்: செய்யலாம். ஆனால் குப்பைப் பையை அப்படியே கொடுத்தால் எடுக்க மாட்டார்கள். மிச்ச டீ, ஊறிப்போன பிஸ்கட், டிஷ்யூ எல்லாம் அதில் கலந்து கிடக்கும். பாலும் சர்க்கரையும் ஒரே இரவில் புளித்து நாறும். மெல்லிய கப் ஒன்று 2, 3 கிராம்தான் இருக்கும். ஒரு கிலோ சேரவே சுமார் 400 கப் வேண்டும். அதற்காக யார் உட்கார்ந்து கழுவுவார்கள்?

முதலில் கப்பின் அடியில் முக்கோணத்துக்குள் இருக்கும் எண்ணைப் பாருங்கள். 5 என்றால் பாலிபுரொப்பிலீன்; இதை வாங்க ஆள் உண்டு. 6 என்றால் பாலிஸ்டைரீன், எடுப்பவர்கள் குறைவு. எண் இல்லையென்றால் கசக்கிப் பாருங்கள். 5 வளைந்து கொடுக்கும், 6 சடசடவென்று உடையும். ஒரு துண்டை வெட்டித் தண்ணீருக்குள் அமுக்கி விட்டாலும் தெரிந்துவிடும்: 5 மேலே வரும், 6 அடியிலேயே தங்கும். பேப்பர் கப்பை மட்டும் இதோடு சேர்க்காதீர்கள். அதன் உள்ளே பிளாஸ்டிக் பூச்சு இருப்பதால் பழைய பேப்பரோடும் போகாது.

அப்புறம், டிஸ்பென்சர் பக்கத்தில் மிச்சத்தை ஊற்ற ஒரு வாளி, டீ கப்பை முக்கி எடுக்க இன்னொரு வாளி வையுங்கள். கப் நுழையும் அகலத்தில் ஒரு பிவிசி குழாயை நிறுத்தி, அடிமூடியில் ஓட்டை போட்டுவிடுங்கள். கப்புகள் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிக்கொள்ளும், ஈரமும் வடியும், இடமும் மிச்சம். ஆரம்பிப்பதற்கு முன்பே பக்கத்துக் காயலான் கடையில் ஒரு கப்பைக் காட்டி, எடுப்பாரா என்று கேட்டுவிடுங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் கப்புக்கும் பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்புக்கும் தடை இருக்கிறது. விற்பது மட்டுமல்ல, பயன்படுத்துவதும் அதில் அடக்கம். பிளாஸ்டிக் கப், தட்டு போன்றவற்றை 2022 ஜூலை 1 முதல் மத்திய அரசும் தடை செய்துவிட்டது. ஆகவே மேலே சொன்னதெல்லாம் கைவசம் இருக்கும் கப் தீரும்வரைதான். புதிதாக வாங்காதீர்கள்.

எவர்சில்வர் டம்ளருக்கு மாறுங்கள். ஆளுக்கு ஒன்று, பெயர் பொறித்து. டீக்கடையில் ஃப்ளாஸ்க்கைக் கொடுத்தால் நிரப்பித் தருவார்கள். 'யார் கழுவுவது?' என்ற கேள்வி கட்டாயம் வரும். தூய்மைப் பணியாளர் தலையில் சம்பளமில்லாமல் கட்டுவது நியாயமே இல்லை. அவரவர் டம்ளரை அவரவர் கழுவட்டும். விருந்தினருக்கென்று வைக்கும் பத்து டம்ளரைக் கழுவ மட்டும் அவருக்குக் கூடுதல் கூலி போட்டுக் கொடுங்கள்.