ஈ46 சப்ஃபிரேம் புஷ்: ரப்பரா, பாலியூரத்தேனா?

தம்பி, உங்கள் 2002 பி.எம்.டபிள்யூ 320i (ஈ46 மாடல்) கார் கியர் மாற்றும்போது பின்பக்கம் "டொக்" என்று அடிக்கிறது, பின் சப்ஃபிரேமுக்கு, அதாவது பின்சக்கர அமைப்பைத் தாங்கும் இரும்புச் சட்டத்துக்கு, ரப்பருக்குப் பதில் கெட்டியான பாலியூரத்தேன் பிளாஸ்டிக்கில் செய்த புஷ் (அதிர்வைத் தாங்கும் மெத்தை) போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். சாட்ஸ்வொர்த்திலிருந்து தினமும் டர்பன் போய்வரும் வண்டிக்கு ரப்பர்தான் என் கட்சி. பாலியூரத்தேன் உழைக்கும், சரி. ஆனால் டிஃபரென்ஷியல் (பின்சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துத் தரும் கியர் பெட்டி) இரைச்சலும் அதிர்வும் உள்ளே வந்துவிடும்.

அதைவிட முக்கியம், வண்டியின் தரைத்தகடு. ஈ46-இல் பின் சப்ஃபிரேம் நான்கு இடங்களில் அதோடு சேர்கிறது. அங்கே தகடு வெடிப்பது இந்த மாடலின் பேர்போன நோய். சப்ஃபிரேமை இறக்கியதும் நான்கு இடத்திலும் அடிப்பூச்சைச் சுரண்டி, டார்ச் அடித்துப் பாருங்கள். பெயிண்டில் முடி மாதிரி ஒரு கோடு, அதன் ஓரத்தில் துரு தெரிந்தால் வெடிப்பு என்றே சந்தேகப்படுங்கள். வெல்டிங் செய்து, வலுத்தகடு வைத்த பிறகுதான் புது புஷ். தயவுசெய்து இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

பழைய புஷ் நிற்கும் திசையைக் கழற்றுமுன் குறித்துக்கொள்ளுங்கள். டிஃபரென்ஷியல் புஷ், டிரெய்லிங் ஆர்ம் (பின்சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் கை) புஷ் இரண்டையும் பாருங்கள்; அவை தேய்ந்தாலும் இதே சத்தம் வரும். டிரெய்லிங் ஆர்ம் புஷ் மாற்றினால், வண்டி சக்கரத்தில் நிற்கும் உயரத்தில் வைத்தே போல்ட்டை முடுக்கச் சொல்லுங்கள்.