பீரோவில் மீதி இருக்கும் மூன்று டப்பா

கேள்வி: சேலம் கொண்டலாம்பட்டியிலிருந்து எழுதுகிறேன். வயது 25. சிசேரியனில் பிறந்த மகனுக்கு ஏழு மாதம், தாய்ப்பால் கொடுக்கிறேன். கணவர் லாரி ஓட்டுகிறார். அடுத்த குழந்தை மூன்று வருஷம் கழித்துப் போதும் என்று நினைக்கிறோம். காப்பர்-டி வயிற்றுக்குள் ஏறிவிடும் என்கிறார் மாமியார். ஊசி போட்டால் பால் வற்றிவிடும் என்கிறார் நாத்தனார். இப்போதைக்கு, அவர் பெங்களூருக்கு லோடு போனபோது ஆறு டப்பா எமர்ஜென்சி மாத்திரை வாங்கிவந்து பீரோவில் வைத்திருக்கிறார். இரண்டு மாதத்தில் மூன்று போட்டுவிட்டேன். டாக்டரிடம் போனால் அவர் கூச்சப்பட்டு வெளியே வண்டியிலேயே இருந்துவிடுகிறார். எந்த முறை நல்லது என்று நீங்களே சொல்லுங்கள்.

பதில்: மகளே, காப்பர்-டியும் ஊசியும் இருக்கட்டும். "இப்போதைக்கு" என்று போகிற போக்கில் எழுதினாயே, அந்த வரியை விட்டு என்னால் நகர முடியவில்லை.

முன்பின் தெரியாத ஊரில், மருந்துக் கடையில் நாலு பேர் நிற்கும்போது வாய்விட்டுக் கேட்டு ஆறு டப்பா வாங்கியிருக்கிறார். அந்த மனிதருக்கு டாக்டர் அறையில் உன் பக்கத்தில் உட்காரக் கூச்சமா? அதே கடையில் ஆணுறையும் இருந்திருக்கும். அதை வாங்கியிருந்தால் பொறுப்பு அவர் கையில் இருந்திருக்கும். மாத்திரையாக வாங்கியதால் எல்லாம் உன் தலையில். அவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை, உனக்காக யோசித்துத்தான் வாங்கியிருக்கிறார். ஆனால் பிள்ளையைத் தள்ளிப்போடுவது இரண்டு பேரும் எடுத்த முடிவு. தாலி கட்டியவருக்கு அதில் சரிபாதிக் கடமை உண்டு. வண்டியில் உட்கார்ந்து ஹாரன் அடிப்பதோடு அது முடியாது.

உன்மேலும் எனக்குக் கோபம்தான். மகனுக்குத் தடுப்பூசி போட எத்தனை தடவை போயிருப்பாய்! அங்கே இருந்த நர்சம்மாவிடம் இந்த மாத்திரையைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னாயா?

அந்த மாத்திரை விஷம் இல்லை, கருவைக் கலைப்பதும் இல்லை. கருமுட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடுகிறது. சேர்ந்த 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு பலன். முட்டை ஏற்கெனவே வெளிவந்திருந்தால் அது கைகொடுக்காது. போட்ட பிறகு மறுபடி சேர்ந்தால் அதற்கும் காவல் கிடையாது. அடிக்கடி போட்டால் மாதவிலக்கு முன்னும் பின்னுமாகப் போய், நாள் தள்ளியது மாத்திரையாலா கர்ப்பத்தாலா என்றே தெரியாது. தையல் போட்டு ஏழு மாதம்தான் ஆகிறது உனக்கு. இவ்வளவு சீக்கிரம் இன்னொரு கர்ப்பம் என்றால், கர்ப்பப்பைத் தழும்பு பிரசவ வலியில் பிரிந்துவிடும் ஆபத்து கூடுகிறது. அது தாய், பிள்ளை இருவர் உயிருக்கும் கேடு. ஒரு பிரசவத்துக்கும் அடுத்த கர்ப்பத்துக்கும் நடுவே இரண்டு வருஷமாவது வேண்டும் என்று டாக்டர்கள் சொல்வது இதனால்தான்.

எது நல்லது என்று நான் சொல்ல மாட்டேன். உன் இரத்த அழுத்தம் எனக்குத் தெரியாது, உன் உடம்பில் இரத்தம் எவ்வளவு என்றும் தெரியாது. டாக்டர் முதலில் சிறுநீர்ப் பரிசோதனை செய்து கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்வார். அப்புறம் தலைவலி உண்டா, தலைவலிக்கு முன் கண்ணில் மின்னல் போல் தெரியுமா என்று கேட்பார். அப்படி வருகிறவர்கள் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் கலந்த கருத்தடை மாத்திரையைத் தினமும் போட்டால் பக்கவாத ஆபத்து கூடும். பக்கத்து வீட்டுக்காரிக்கு ஒத்துக்கொண்டது உனக்கும் ஒத்துக்கொள்ளும் என்று இருக்கக் கூடாது என்பது இதற்குத்தான்.

மாமியார் பயம் முழுப் பொய்யும் இல்லை. காப்பர்-டி போடும்போது கர்ப்பப்பைச் சுவரைத் துளைப்பது மிக அபூர்வமாக நடக்கும். பால் கொடுக்கிறாய், சிசேரியன் ஆனவள் என்பதைச் சொல்லி, பழகிய கையால் போட்டுக்கொண்டு, மறுபடி காட்டச் சொன்ன நாளில் போய்க் காட்ட வேண்டும். வகையைப் பொறுத்து 5 அல்லது 10 வருஷம் இருக்கும். வேண்டியபோது எடுத்துவிடலாம். முதல் சில மாதம் மாதவிலக்கில் உதிரப்போக்கு அதிகமாகலாம், இரத்தசோகை உள்ளவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நாத்தனார் சொன்னது தவறு: மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா ஊசியால் பால் வற்றாது. ஆனால் நிறுத்திய பிறகு கர்ப்பம் தரிக்க ஏழு, எட்டு மாதம் அல்லது அதற்கு மேலும் ஆகலாம், உங்கள் மூன்று வருஷக் கணக்கில் அதையும் சேருங்கள். ஹார்மோன் இல்லாத சாயா மாத்திரையும் பால் கொடுப்பவர்களுக்கு ஏற்றது. முதல் மூன்று மாதம் வாரம் இரண்டு, பிறகு வாரம் ஒன்று. இவையெல்லாம் அரசு மருத்துவமனையில் இலவசம்.

அவர் லோடு இல்லாமல் வீட்டில் இருக்கும் நாள் பார்த்து மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவமனைக்கோ பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ இரண்டு பேரும் போங்கள். மகனை மாமியாரிடம் விட்டுவிட்டுப் போ. கைக்குழந்தையைச் சாக்காக வைத்து அவர் வெளியே நிற்கக் கூடாது. மீதி மூன்று டப்பாவையும் பையில் எடுத்துக்கொள். டாக்டர் மேஜைமேல் வை. எப்போது வாங்கியது, ஏன் ஆறு என்று டாக்டர் கேட்டால் நீ பேசாமல் இரு, அவர் பதில் சொல்லட்டும்.