வெனிஸிலிருந்து லூசர்னுக்கு ஒரு நாள் ரயில்: பாஸா, தனி டிக்கெட்டா?

கேள்வி: நானும் கணவரும் செப்டம்பரில் இத்தாலி, சுவிட்சர்லாந்து போகிறோம். நீண்ட ரயில் பயணம் ஒரே ஒரு நாள்தான், வெனிஸிலிருந்து லூசர்ன் வரை. நாகர்கோவிலில் டூர் ஏற்பாடு செய்கிறவர், ‘இரண்டு பேருக்கும் யூரெயில் பாஸ் எடுத்துவிடுங்கள், எந்த ரயிலிலும் ஏறிக்கொள்ளலாம்’ என்கிறார். எடுக்கலாமா? – தக்கலை வாசகி

பதில்: வேண்டாம். இரண்டு நாடுகளுக்கும் சேர்த்து யூரெயிலில் கிடைப்பது குளோபல் பாஸ்தான். அதில் மிகச் சிறியதே ஒரு மாதத்துக்குள் 4 பயண நாட்கள். ஒரு நாள் பயணத்துக்கு நான்கு நாள் பணம் கட்டுவீர்கள். ‘எந்த ரயிலிலும்’ என்பதும் முழு உண்மை இல்லை. இத்தாலியின் அதிவேக ரயில்களில் பாஸ் இருந்தாலும் இருக்கைக்குத் தனியாகப் பணம் கட்டி முன்பதிவு செய்தே ஆக வேண்டும். மிலானிலிருந்து எல்லை தாண்டும் யூரோசிட்டி ரயிலிலும் அப்படித்தான். தனியார் நிறுவனமான இத்தாலோவின் ரயிலில் இந்தப் பாஸ் செல்லவே செல்லாது.

உங்கள் பாதை இப்படி இருக்கும்: வெனிஸிலிருந்து மிலானின் பெரிய ஸ்டேஷனான மிலானோ சென்ட்ராலே வரை ஃப்ரெச்சாரோசா என்ற அதிவேக ரயில், சுமார் இரண்டரை மணி நேரம். அங்கிருந்து யூரோசிட்டியில் சுவிட்சர்லாந்தின் ஆர்த்-கோல்டாவ் ஸ்டேஷன். அங்கே மாறினால் லூசர்ன் அரை மணி நேரம். நேராக லூசர்ன் போகும் யூரோசிட்டியும் உண்டு, அது கிடைத்தால் பெட்டி தூக்குவது ஒரு தடவை மிச்சம். மிலானில் மாற ஒரு மணி நேரமாவது விடுங்கள். பிளாட்பாரம் எண் கடைசி நேரத்தில்தான் பலகையில் வரும், பிளாட்பாரத்துக்குள் நுழையும் வாசலில் டிக்கெட்டைக் காட்ட வேண்டும். நம்மூர்போல போர்ட்டரை எதிர்பார்க்காமல், படியேறி நீங்களே தூக்கி வைக்கக்கூடிய பெட்டியாக ஆளுக்கொன்று எடுத்துப் போங்கள்.

வெனிஸுக்கு இரண்டு ஸ்டேஷன்கள். நாகர்கோவில் சந்திப்பும் டவுன் ஸ்டேஷனும் வேறு வேறாக இருப்பதுபோல, சாந்தா லூச்சியா தீவுக்குள், மெஸ்த்ரே கரையில். வாடகை குறைவு என்பதால் பேக்கேஜ்காரர்கள் பெரும்பாலும் மெஸ்த்ரேயில்தான் அறை போடுவார்கள். உங்கள் அறையும் அங்கே என்றால் டிக்கெட்டையும் மெஸ்த்ரேயிலிருந்தே போடச் சொல்லுங்கள். மிலான் ரயில்கள் அங்கேயும் நிற்கும். காலையில் பெட்டிகளோடு தீவுக்குள் போய்த் திரும்பி வர வேண்டாம்.

இனி டிக்கெட். சில மாதங்களுக்கு முன்பே வாங்கினால் விலை நன்றாகக் குறையும். ஆனால் எதை வாங்குகிறீர்கள் என்று பாருங்கள். இத்தாலிய அரசு ரயில் நிறுவனமான ட்ரெனிடாலியாவின் ‘சூப்பர் எகானமி’ டிக்கெட்டை மாற்றவும் முடியாது, பணமும் திரும்ப வராது. ‘பேஸ்’ கட்டணம் கூடுதல், ஆனால் ரயில் கிளம்பும் முன் மாற்றிக்கொள்ளலாம், ரத்து செய்தால் பிடித்தம் போக மீதி கிடைக்கும். விசா கையில் வராத தம்பதிக்கு சூப்பர் எகானமி போட்டுக் கொடுப்பது சரியே இல்லை. விசா வந்த பிறகு, தேதி உறுதியான பிறகு வாங்கினால் அது நல்ல பேரம். சுவிஸ் ரயில்வேயின் ‘சூப்பர்சேவர்’ டிக்கெட்டும் குறிப்பிட்ட ரயிலுக்கு மட்டுமே. அந்த ரயிலைத் தவறவிட்டு அடுத்ததில் ஏறினால் டிக்கெட் இல்லாதவராகத்தான் நடத்துவார்கள்.

பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கட்டும். நம்மில் பலருக்கு அப்பா பெயர் ஒரு கட்டத்தில், சொந்தப் பெயர் இன்னொரு கட்டத்தில் இருக்கும். இனிஷியல் மட்டும் போட்டு டிக்கெட் எடுத்தால் பரிசோதகரிடம் விளக்கிக்கொண்டிருக்க வேண்டும். நீங்களே ஆன்லைனில் வாங்குவதானால் கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை வங்கி ஆப்பில் திறந்துவிடுங்கள், ரூபாயிலா யூரோவிலா என்று கேட்டால் யூரோவையே தேர்ந்தெடுங்கள். ரூபாயைத் தொட்டால் மாற்று விகிதத்தில் கூடுதலாகப் போகும்.

சுவிஸ் டிராவல் பாஸ் எடுக்கும் எண்ணம் இருந்தால் அதைப் பயண நாளிலிருந்து தொடங்க வேண்டாம். அது தொடர் நாட்களுக்கான பாஸ். பாதி நாள் இத்தாலியில் கழியும் தேதியில் தொடங்கினால் ஒரு நாளின் பெரும்பகுதி வீண். மறுநாள் காலையிலிருந்து கணக்கு வையுங்கள். யுங்ஃப்ராவ்யோக் என்ற பனிமலை இடத்துக்குப் போவதுதான் முக்கிய நோக்கம் என்றால் ஒரு மாத ‘ஹாஃப் ஃபேர் கார்டு’ விலையையும் ஒப்பிடுங்கள். அந்த மலை ரயிலின் மேல்பகுதியில் டிராவல் பாஸுக்கு 25 சதவீதமே தள்ளுபடி, ஹாஃப் ஃபேர் கார்டுக்குப் பாதி.

பலரும் சொல்லாத ஒன்று: யூரோசிட்டி 57 கி.மீ. நீளமுள்ள கோட்ஹார்ட் அடிமலைச் சுரங்கம் வழியாகப் போகிறது. 2016-இல் திறந்தது, உலகிலேயே நீளமான ரயில் சுரங்கம். உள்ளே இருபது நிமிடம் இருட்டு. ஆல்ப்ஸைப் பார்க்கத்தான் பகல் ரயில் என்றால் சுரங்கத்துக்கு முன்னால் வரும் பெலின்சோனாவில் இறங்கி, பழைய மலைப்பாதையில் போகும் ‘ட்ரெனோ கோட்டார்டோ’வில் ஏறுங்கள். ஏறக்குறைய ஒரு மணி நேரம் கூடும், இருக்கை முன்பதிவு கட்டாயமில்லை. வாசன் என்ற ஊரில் பாதை மலைக்குள் சுற்றிச் சுற்றி இறங்கும். அந்த ஊரின் வெள்ளைத் தேவாலயம் முதலில் கீழே தெரியும், பிறகு ஜன்னலுக்கு நேராக, கடைசியில் தலைக்கு மேலே. இதற்கு ரயில் கட்டுப்பாடில்லாத சாதாரண டிக்கெட் வேண்டும், சூப்பர்சேவர் உதவாது.

கேள்வி: சென்ற மாதம் எங்கள் முதல் ரயில் 70 நிமிடம் தாமதமாக மிலான் வந்தது. அங்கே மாறி ஏற வேண்டிய அடுத்த ரயில் போய்விட்டது. புதிய டிக்கெட் வாங்கினோம். பணம் கிடைக்குமா? – கருங்கல் வாசகர்

பதில்: இரண்டு டிக்கெட்டும் எப்படி வாங்கப்பட்டன என்பதைப் பொறுத்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் ரயில் பயணிகள் விதிப்படி (2021/782, நடைமுறை 2023 ஜூன் முதல்) 60 முதல் 119 நிமிடம் வரை தாமதமானால் டிக்கெட் விலையில் 25 சதவீதம், 120 நிமிடமும் அதற்கு மேலும் என்றால் 50 சதவீதம் இழப்பீடு. உங்களுடைய முதல் ரயிலுக்கு 25 சதவீதம் கேளுங்கள். தாமதத்துக்குக் கடுமையான இயற்கைச் சீற்றம் போன்ற காரணம் இருந்தால் இழப்பீடு கிடைக்காது. ரயில்வே ஊழியர் வேலைநிறுத்தம் அந்த விலக்கில் சேராது.

ஒரே ரயில் நிறுவனத்திடம், ஒரே பரிவர்த்தனையில் இரண்டையும் வாங்கியிருந்தால் அது முழுப் பயணமாகக் கருதப்படும், இணைப்பு ரயில் தவறியதற்கும் நிறுவனமே பொறுப்பு. தனித்தனியாக வாங்கினால் இரண்டாவது டிக்கெட்டின் நஷ்டம் உங்களுடையது. ஏஜென்டிடம் முன்பதிவு எண்கள் ஒன்றா, இரண்டா என்று கேட்டு வாங்குங்கள். புகாருக்கு மூன்று மாதம்தான் அவகாசம். டிக்கெட், புது டிக்கெட் ரசீது, தாமதத்தைக் காட்டும் பலகை அல்லது ஆப்பின் படம் மூன்றையும் சேர்த்து அனுப்புங்கள்.

கேள்வி: ரயிலில் சாப்பிட ஊரிலிருந்து என்ன கொண்டு போகலாம்? – குளச்சல் வாசகி

பதில்: நேந்திரங்காய் சிப்ஸ், முந்திரிக்கொத்து தாராளமாக. மட்டிப்பழமும் தேங்காயும்கூடப் போகும். தாவரச் சான்றிதழ் இல்லாமல் ஐரோப்பிய ஒன்றியம் அனுமதிக்கும் ஐந்து பழங்களில் வாழையும் தேங்காயும் உண்டு. மாங்காய்க்கு அந்தச் சலுகை இல்லை. கருவாடு சொந்த உபயோகத்துக்குப் போகும், ஆனால் நன்றாகக் காற்றுப் புகாமல் கட்டுங்கள், பக்கத்து இருக்கைக்காரர்களும் பயணிகள்தானே. இறைச்சி, நெய், பால்கோவா வேண்டாம். விமான நிலையத்திலேயே எடுத்துவிடுவார்கள்.

கேள்வி: முதல் வகுப்பு என்று பில் போட்டுப் பணம் வாங்கினார் ஏஜென்ட். ரயிலில் ஏறியபோதுதான் டிக்கெட் இரண்டாம் வகுப்பு என்று தெரிந்தது. எங்கே கேட்பது? – மார்த்தாண்டம் வாசகர்

பதில்: முதலில் ஏஜென்டுக்கு எழுத்தில் கடிதம், ஸ்பீட் போஸ்டில். பில், பயணத் திட்டம், டிக்கெட் நகல், வாட்ஸ்அப் உரையாடல் எல்லாம் இணையுங்கள், 15 நாள் கெடு கொடுங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஏஜென்ட் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். காலக்கெடு இரண்டு ஆண்டு. கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் ஆணையக் கட்டணம் கிடையாது, வக்கீல் வைப்பதும் கட்டாயமில்லை.

அந்த பில்லில் டிசிஎஸ் என்று வருமான வரியை முன்கூட்டியே பிடித்திருப்பார்கள். அது உங்கள் பான் எண்ணில் ஏறியிருக்கிறதா என்று வருமான வரித் தளத்தில் உள்ள 26ஏஎஸ் படிவத்தில் பாருங்கள். ஏறியிருந்தால் வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம், வரி இல்லாதவர்கள் திரும்பப் பெறலாம். ஏறவில்லையென்றால் அதையும் அதே கடிதத்தில் கேளுங்கள்.