பூசை வைக்காத துறவி

அன்புள்ள ஐயா,

கத்தோலிக்கத் துறவிகளின் சேசு சபையில் பிரதராக இருந்த உங்கள் பால்ய நண்பர் மறைந்ததைப் பற்றிப் போன வாரம் நாலு வரி எழுதியிருந்தீர்கள். இத்தனை வருஷம் மடத்தில் இருந்தவர் ஏன் கடைசிவரை பூசை வைக்கிற சாமியார் ஆகவில்லை? படிப்பு வராதவர்களைத்தான் பிரதராகவே விட்டுவிடுவார்கள் என்று எங்கள் ஊரில் சொல்கிறார்கள். தவறாகக் கேட்டிருந்தால் மன்னிக்கவும்.

ஒரு வாசகி, திருமங்கலம்

அன்புள்ள வாசகிக்கு,

தவறாக ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் படிப்பு வராதவன் என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியாது. செக்கானூரணிக்கு மேற்கே ஒரே தெருவில் வளர்ந்தோம். எனக்கு அல்ஜீப்ரா சொல்லிக்கொடுத்தவன் அவன்.

குருமடத்தில் படிக்கிற பையன்களையும் நாம் பிரதர் என்றுதான் கூப்பிடுகிறோம். அவர்கள் நாளைக்குச் சாமியார் ஆகப்போகிறவர்கள். அதனால்தான் தலை நரைத்த பிரதரைப் பார்த்தால், பாதியில் நின்றுபோனவர் என்று தோன்றிவிடுகிறது. இவர்கள் வேறு. ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல் என்று சபைச் சாமியார்கள் கொடுக்கிற அதே வார்த்தைப்பாடுகளைத்தான் கொடுக்கிறார்கள். பூசை வைக்கும் உரிமை தருகிற குருப்பட்டம் வாங்குவதில்லை, அவ்வளவுதான். இந்தத் துறவு தன்னளவிலேயே முழுமையானது என்று உலகக் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-ல் எழுதியே வைத்திருக்கிறது.

சேசு சபையின் மதுரை மிஷன் என்றதும் 1606-ல் மதுரைக்கு வந்த நொபிலி, 1693-ல் ஓரியூரில் வெட்டுப்பட்ட அருளானந்தர், தேம்பாவணி பாடிய வீரமாமுனிவர் என்று வரிசையாக ஞாபகம் வரும். மூவருமே குருக்கள். அவன் மேசைக்கு மேலே மாட்டியிருந்தது அல்போன்ஸ் ரொட்ரிகஸ் படம். மனைவி பிள்ளைகளைப் பறிகொடுத்த ஸ்பெயின் நாட்டுக் கம்பளி வியாபாரி, நாற்பதை நெருங்கும்போது சபையில் பிரதராகச் சேர்ந்தவர். மயோர்க்கா தீவில் ஒரு கல்லூரி வாசலில் கதவு திறந்துவிடுவதே பல வருஷம் அவருக்கு வேலை. 1888-ல் புனிதர் பட்டம் கொடுத்தார்கள். "கதவு திறந்துவிட்டே ஒருத்தர் மோட்சத்துக்குப் போயிருக்காரு மாப்ள" என்பான்.

இவனுக்கு வாய்த்தது பைண்டிங். மாணவர் விடுதிக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. மைதாப் பசை காய்ச்சி, பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் கலப்பான். நகக்கண்ணில் எப்போதும் லேசாக நீலம் ஏறியிருக்கும். இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவாமல் சோற்றில் கை வைக்க மாட்டான். கிழிந்த பாடப் புத்தகத்தோடு வருகிற பையன், இவன் தைத்து முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பான். அப்போதுதான் பேச்சு வரும். அப்பா பணம் அனுப்பவில்லை, அக்கா கல்யாணம் நின்றுபோச்சு, ராத்திரி தூக்கம் வரவில்லை. பாவசங்கீர்த்தனம், அதாவது பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்பதை, கேட்கும் அதிகாரம் சாமியார்களுக்குத்தான், இவனுக்கு இல்லை. அதனாலேயே பையன்கள் பயமில்லாமல் சொன்னார்கள் என்று நினைக்கிறேன். ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல் "ம்" கொட்டிக்கொண்டிருப்பான். மறுநாள் அந்தப் பையனின் மெஸ் பாக்கி எப்படியாவது கட்டப்பட்டிருக்கும்.

உங்கள் கேள்வியை அதிகம் கேட்டது அவன் அம்மாதான். "எம்மவன் வைக்கிற பூசையில நன்மை வாங்கணும்" என்று எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அழுதிருக்கிறார்கள். நன்மை என்றால் பூசையில் சாமியார் நாக்கில் வைக்கிற அப்பம். எங்கள் அம்மாவுக்கு அது என்னவென்றே தெரியாது, கூடச் சேர்ந்து அழுவார்கள். கடைசிக் காலத்தில் அந்த அம்மா படுத்த படுக்கையானபோது, சபையில் அனுமதி வாங்கி வந்து பதினோரு நாள் கூடவே இருந்தான். ஒரு சாயங்காலம் நான் போனபோது கஞ்சியை ஸ்பூனில் எடுத்து, ஊதி ஊதிக் கொடுத்துக்கொண்டிருந்தான். அவர்கள் வாயைத் திறந்து நாக்கை லேசாக நீட்டினார்கள், கோயிலில் நீட்டுகிற மாதிரியே. அவன் கை நடுங்கியது. நான் வெளியே வந்துவிட்டேன். அதற்கப்புறம் அந்த அம்மா பூசையைப் பற்றிப் பேசவே இல்லை.

நவம்பர் 2 கல்லறைத் திருநாள். அவனுக்கென்று பிள்ளைகுட்டி கிடையாது, நான்தான் போவேன். சாமியார்களும் பிரதர்களும் ஒரே வரிசையில், ஒரே அளவுக் கல்லின் கீழே படுத்திருக்கிறார்கள். திருமங்கலத்திலிருந்து வருவதாக இருந்தால் முன்கூட்டியே எழுதுங்கள் அம்மா. மெழுகுவர்த்தி நான் வாங்கி வருகிறேன்.