வண்டி வைத்தியம்: கியர்பாக்ஸை இறக்கும் முன் மேலே பாருங்கள்

கேள்வி: ஐயா, எங்கள் அப்பா 1997இல் வாங்கிய மாருதி 800 இன்னும் வீட்டில் ஓடுகிறது. அப்பா இப்போது இல்லை. மாதம் ஒருமுறை அம்மாவை மதுரைக்குக் கண் டாக்டரிடம் கூட்டிப்போக அந்த வண்டிதான். நாலைந்து மாதமாக இரவு நிறுத்தினால் காலையில் போர்ட்டிகோ தரையில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பாக ஆயில் கிடக்கிறது. ஒரு பட்டறையில் காட்டினோம். அடியில் பார்த்துவிட்டு, "கிராங்க் பின்சீல் போயிடுச்சு. கியர்பாக்ஸ் இறக்கணும், கிளட்ச்சையும் சேர்த்து மாத்திடலாம், பதினெட்டாயிரம் ஆகும்" என்கிறார்கள். "அந்தக் காசுக்கு வண்டியைத் தள்ளிவிடலாம்" என்கிறார் அண்ணன். எனக்கு மனசு வரவில்லை. என்ன செய்ய?
- ஒரு வாசகி, தேவகோட்டை

பதில்: தங்கச்சி, வண்டியை விற்க வேண்டாம். கியர்பாக்ஸையும் இப்போதைக்குத் தொட வேண்டாம். பட்டறைக்காரர் சொல்கிற கிராங்க் பின்சீல் என்பது, இன்ஜினுக்குள் சுழலும் கிராங்க் தண்டின் கியர்பாக்ஸ் பக்க முனையில் ஆயிலைத் தடுக்கிற ரப்பர் வளையம். முதலில் பானெட்டைத் திறந்து மேலே பாருங்கள்.

உங்கள் வண்டியில் இருப்பது 796 சிசி, மூன்று சிலிண்டர் கார்புரேட்டர் இன்ஜின். மூன்று பிளக் வயரும் ஒரு காயில் வயரும் போய்ச் சேருகிற கறுப்பு மூடி ஒன்று தெரியும். அதுதான் டிஸ்ட்ரிபியூட்டர். அது உட்கார்ந்திருப்பது ஹெட்டின், அதாவது இன்ஜின் மேல்பாகத்தின், கியர்பாக்ஸ் பக்க முனையில். அதன் கழுத்தில் ஒரு ரப்பர் ஓ-ரிங் உண்டு. இருபது, இருபத்தைந்து வருஷம் இன்ஜின் சூட்டில் வெந்தால் அந்த ரப்பர் பிளாஸ்டிக் வளையல் மாதிரி விறைத்துவிடும். அந்த வழியாகக் கசிகிற ஆயில் ஹெட்டின் முனையில் வழிந்து, நேராக, கிளட்ச்சை மூடியிருக்கிற கிளட்ச் ஹவுசிங் முதுகில் விழுந்து, அதைச் சுற்றி இறங்கி அடியில் சொட்டும். அடியிலிருந்து பார்க்கிறவர் கண்ணுக்கு அது பின்சீல் கசிவு மாதிரியே இருக்கும்.

இதை நான் அடித்துச் சொல்லக் காரணம் உண்டு. திண்டுக்கல்லில் பட்டறை போட்ட புதிதில், ஒரு வாத்தியாருடைய 800ஐ இதே போல அடியில் மட்டும் பார்த்து, பின்சீல் என்று முடிவுகட்டி, கியர்பாக்ஸை இறக்கிப் புது சீல் போட்டு ஏற்றினேன். மூன்றாம் நாள் அதே இடத்தில் சொட்டு. அவர் கோபப்படவில்லை. "இன்னொரு தடவை நிதானமா பாருப்பா" என்றார். டார்ச்சை எடுத்துக்கொண்டு மேலே விரல் விட்டபோது டிஸ்ட்ரிபியூட்டருக்கு அடியில் விரல் நனைந்தது. சில்லறைக் காசு பெறுகிற ஓ-ரிங். வாங்கிய கூலியைத் திருப்பிக் கொடுத்தும் எனக்கு மனசு ஆறவில்லை. ஆசிரியர் சம்பளத்தில் அவர் எடுத்துவைத்த பணம் அது. அதனால்தான் பதினெட்டாயிரம் என்று நீங்கள் எழுதியதும் எனக்குப் பதறுகிறது.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு டிஸ்ட்ரிபியூட்டர், ஆல்டர்னேட்டர் இரண்டையும் பாலிதீன் பையால் இறுக்கிக் கட்டிவிட்டு, கொஞ்சம் டீசலும் பழைய பெயிண்ட் பிரஷ்ஷும் வைத்து ஹெட்டிலிருந்து, அடியில் ஆயில் தங்குகிற சேம்பர் வரை அழுக்கைத் தேய்த்துக் கழுவச் சொல்லுங்கள். பிறகு பனியன் வேஸ்ட்டால் ஈரம் போகத் துடைத்து, டீசல் வாடை அடங்கும்வரை காயவிட வேண்டும். பல வருஷத்து அழுக்கின் மேல் யார் பார்த்தாலும் எங்கிருந்து வருகிறது என்று சொல்ல முடியாது. இந்த ஒரு வேலையைச் செய்யாமல் சொல்லப்படுகிற எந்த எஸ்டிமேட்டையும் நம்பாதீர்கள்.

காய்ந்ததும் ஹெட்டை மூடுகிற டாப்பட் கவர் ஓரம், டிஸ்ட்ரிபியூட்டர் அடி, பெட்ரோல் பம்ப் உட்காருகிற இடம், கிளட்ச் ஹவுசிங்கின் மேல்பக்கம் ஆகிய இடங்களில் முகத்துக்குப் போடுகிற பவுடரை லேசாகத் தூவுங்கள். பத்து நிமிஷம் நின்ற இடத்திலேயே ஓடவிட்டு அணைத்துப் பாருங்கள். ஒன்றும் தெரியவில்லை என்றால் இருபது கிலோமீட்டர் போய்வந்து பாருங்கள். வெள்ளைப் பவுடரில் ஆயில் பழுப்பாகக் கோடு போட்டுக் காட்டிக்கொடுக்கும். ஓடும்போது காற்று ஆயிலைப் பின்னாலும் அடியிலும் அப்பிவிடும். ஆகவே நனைந்த இடங்களிலேயே மிக உயரத்தில் இருப்பது எது என்று தேடுங்கள். கைக்கு எட்டாத இடத்துக்குச் சின்ன முகக்கண்ணாடியும் டார்ச்சும் போதும். ஒன்று கவனம்: இன்ஜின் ஓடும்போது துப்பட்டா, முந்தானை, வளையல் எதுவும் பெல்ட் பக்கம் போகக்கூடாது. ரேடியேட்டர் ஃபேன் கரண்டில் ஓடுவது. அது எந்த நேரமும் சுற்றத் தொடங்கும்.

ஹவுசிங்கின் மேல்பக்கம் நனைந்திருந்தால் கசிவு மேலேயிருந்துதான். ஓ-ரிங்கை மாற்ற டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றும் முன் அதன் உடம்பும் ஹெட்டும் சேருகிற இடத்தில் ஒரு கோடு, மூடிக்குள் சுழலுகிற ரோட்டர் பார்க்கிற திசைக்கு இன்னொரு கோடு கிழித்துக்கொள்ளச் சொல்லுங்கள். இல்லையென்றால் டைமிங் மாறி வண்டி இழுக்காது. மேல்பக்கம் காய்ந்து கிடந்து, ஹவுசிங்கின் அடிப்பிளவிலிருந்து மட்டும் ஆயில் வந்தால் பட்டறைக்காரர் சொன்னது சரியாக இருக்கலாம். அப்போதும் விரலில் தொட்டு முகர்ந்து பாருங்கள். கெட்டியாக, கந்தக வாடை அடித்தால் அது கியர் ஆயில். அதற்குக் கிராங்க் சீலை மாற்றிப் பயனில்லை. பின்சீல் உண்மையிலேயே போயிருந்து கிளட்ச் பிளேட்டும் ஆயிலில் ஊறியிருந்தால், மேடு ஏறும்போது இன்ஜின் இரையும், வண்டி நகராது. அந்தத் தொந்தரவு இருந்தால் கியர்பாக்ஸை இறக்கித்தான் ஆக வேண்டும். கிளட்ச்சையும் அதோடு மாற்றுவது நியாயமான யோசனையே.

டைமிங் பெல்ட் பக்கம் ஈரம் தெரிந்தால் அந்தப் பக்கத்துத் தண்டுகளின் சீல்களான கேம் சீல் அல்லது கிராங்க் முன்சீல் கசிகிறது. ஆயில் பட்ட பெல்ட்டைத் திரும்பப் போட விடாதீர்கள், புதிது வாங்குங்கள். டாப்பட் கவர் பேக்கிங் என்றால் சின்ன வேலை. கசிகிறதே என்று நட்டை மேலும் மேலும் முறுக்கினால் பேக்கிங் பிதுங்கி இன்னும் கசியும்.

ஆயில் அளவு பார்க்கிற குச்சியான டிப்ஸ்டிக்கையும் முகருங்கள். பெட்ரோல் வாடை அடித்து, அளவும் கூடியிருந்தால் பெட்ரோல் பம்ப்பின் டயாஃப்ரம் என்கிற சவ்வு கிழிந்து பெட்ரோல் உள்ளே இறங்குகிறது என்று சந்தேகப்பட வேண்டும். அப்படியென்றால் வண்டியை எடுக்காமல் முதலில் அதைச் சரிசெய்யுங்கள், ஆயிலையும் மாற்றுங்கள்.

கடைசியாக, டாப்பட் கவரிலிருந்து ஏர் கிளீனருக்குப் போகிற ரப்பர் ஹோஸ். இதைப் பலரும் பார்ப்பதே இல்லை. பழைய வண்டியில் அதற்குள் ஆயில் கசடு அடைத்துக்கொள்ளும். உள்ளே சேருகிற காற்றழுத்தத்துக்குப் போக்கிடம் இல்லாமல், பலவீனமான சீலைத் தேடித் தள்ளும். எத்தனை புது சீல் போட்டாலும் நிற்காது. கழற்றி ஊதிப் பார்த்தால் தெரிந்துவிடும். ஹோஸ் சுத்தமாக இருந்தும், ஓடுகிற இன்ஜினின் ஆயில் மூடியைத் திறந்தால் குப்குப்பென்று புகை வருமானால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. அந்தச் செலவு வேறு கணக்கு. அப்போது எனக்கு மறுபடி எழுதுங்கள்.

800இன் உற்பத்தி 2014இல் நின்றுவிட்டது. அதே குடும்பத்து இன்ஜின் போட்ட ஆம்னி 2019 வரை வந்ததால் சீல், பேக்கிங் கிடைப்பதில் கஷ்டம் இல்லை. கண்டுபிடிக்கிற வரை வாரம் இருமுறை, காலையில் ஸ்டார்ட் செய்யும் முன் சமதரையில் டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். கீழ்க்கோட்டுக்கு இறங்கவிடாமல் ஊற்றிக்கொண்டே இருந்தால் அம்மாவைத் தைரியமாக மதுரைக்குக் கூட்டிப்போகலாம்.

கேள்வி: ஆயில் கசிவை நிறுத்த இன்ஜினில் ஊற்றும் டப்பா மருந்து கடையில் விற்கிறார்களே, வாங்கலாமா?
- ஒரு வாசகர், பழனி

பதில்: அது விறைத்துப்போன ரப்பரைக் கொஞ்சம் ஊறவைத்து உப்பச் செய்யும். லேசான கசிவு சில காலம் குறையலாம். கிழிந்த சீலுக்கும் வெடித்த பேக்கிங்குக்கும் அது எதுவும் செய்யாது. நான் என் பட்டறைக்கு வருகிற வண்டிகளுக்கு ஊற்றுவதில்லை. அந்தக் காசில் ஒரு பேக்கிங்கும் அரை லிட்டர் டீசலும் வாங்குங்கள்.