ஊமைப் படத்தில் ஏன் அத்தனை அவசரம்?

கேள்வி: பழைய ஊமைப் படங்களில் வருவோர் எல்லோரும் விறுவிறுவென்று ஓட்டமும் நடையுமாகவே இருக்கிறார்களே, அக்கால ரசிகர்களும் அப்படித்தான் பார்த்தார்களா?

பதில்: பெரும்பாலும் இல்லை. அன்று கேமராவின் கைப்பிடியை ஒளிப்பதிவாளர் கையால்தான் சுற்றினார். 1895 டிசம்பரில் லூமியர் சகோதரர்கள் பாரிஸில் கட்டணம் பெற்றுக் காட்டிய படங்கள் நொடிக்கு ஏறத்தாழ 16 ஃபிரேம் (பிலிமில் பதியும் தனித்தனிப் படம்) வேகத்தில் எடுக்கப்பட்டவை. பின்னாளில் அந்த வேகம் படிப்படியாகக் கூடியது என்றாலும், எல்லோருக்கும் பொதுவான அளவு என்று ஒன்று இருக்கவில்லை. நகைச்சுவைக் காட்சிகளை வேண்டுமென்றே மெதுவாகச் சுற்றிப் படமாக்கி, திரையில் வேகம் கூட்டிச் சிரிக்க வைத்ததும் உண்டு. (அந்த அவசரத்தை மட்டும் நாம் குறை சொல்ல முடியாது.)

1920களின் இறுதியில் பேசும் படம் வந்ததும் இந்தச் சுதந்திரம் பறிபோனது. படத்தின் வேகம் சற்று ஏறி இறங்கினால் கண் பொறுத்துக்கொள்ளும். குரலின் சுருதி மாறினால் காது உடனே கண்டுபிடித்துவிடும். ஆகவே மோட்டார் கொண்டு சீராக ஓட்டுவது கட்டாயமாகி, நொடிக்கு 24 ஃபிரேம் என்பது நிலைபெற்றது. 35 மி.மீ. பிலிமில் ஓர் அடிக்கு 16 ஃபிரேம் என்பதால், இது நிமிடத்துக்கு 90 அடி. 16 ஃபிரேமில் எடுத்த படத்தை இந்த வேகத்தில் ஓட்டினால் ஒரு நிமிடக் காட்சி 40 நொடியில் முடிந்துவிடும்; நீங்கள் காணும் அவசரத்துக்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

கேள்வி: நொடிக்கு 24 படங்கள்தான் என்றால் திரை ஏன் மினுக்கவில்லை?

பதில்: ஒவ்வொரு ஃபிரேமும் லென்ஸின் முன் அசையாமல் நிற்கும்போதே பிலிம் புரொஜெக்டரின் ஷட்டர் (ஒளியை மறைக்கும் சுழல் இதழ்கள்) இடையில் ஒருமுறை ஒளியை மறைத்துத் திறக்கிறது. இதனால் ஒரே படம் இருமுறை திரையில் விழுந்து, நொடிக்கு 48 ஒளிவீச்சுகள் கிடைக்கின்றன. 16 ஃபிரேம் படங்களுக்கு மூன்று இதழ் ஷட்டரைப் பயன்படுத்தினார்கள். பெருக்கிப் பாருங்கள், அதுவும் 48தான்.

ஆனால் இப்படி நின்று நின்று நகரும் பிலிமிலிருந்து ஒலியைப் படிக்க முடியாது. பிலிம் சீராக ஓடும் வேறோர் இடத்தில் ஒலியைப் படிக்க வேண்டியிருப்பதால், ஒரு காட்சிக்குரிய ஒலி ஏறத்தாழ 20 ஃபிரேம் முன்னதாகவே பிலிமின் ஓரத்தில் பதிக்கப்பட்டிருக்கும். அறுந்த பிலிமை வெட்டி ஒட்டி ஓட்டும்போது முதலில் காட்சி தாவி, ஏறக்குறைய ஒரு நொடி கழித்து வசனம் தாவுவது இதனால்தான்.